பன்னிரண்டாவது ஆள்

மஞ்சள் துணி காற்றில் எழுந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நடுவர் இடுப்பில் செருகியிருக்கும் மஞ்சள் துணியை எடுத்து வீசினால் யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். யார் என்று நான் பார்க்கவே வேண்டியதில்லை. மைதானத்தின் நடுவில், தலையில் ஹெல்மெட்டும் தோளில் கவசமுமாக எங்கள் இசக்கிமுத்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பதிலாக உள்ளே போன பஷீரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். குலுக்கியதோடு விட்டானா? ஏதோ விளக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் எதிரணிக்காரன் பந்தை எடுத்து, எறிந்து, இன்னொருவன் பிடித்து, பாதி மைதானம் ஓடியும் முடித்துவிட்டான்.

"உள்ளே பன்னிரண்டு பேர்" என்று நடுவர் ஆங்கிலத்தில் உரக்க அறிவித்தார். அந்தச் சாயங்காலம் எத்தனையாவது முறை என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டிருந்தேன்.

"வெளிய வாலே! வெளிய வா!" என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது.

இசக்கி நிதானமாக நடந்து வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையை வழித்துவிட்டு, வருத்தத்தோடு என்னைப் பார்த்தான்.

"என்னக்கா இப்பிடிக் கத்துதீங்க? ஹேண்டிங் ஓவர் பண்ணிட்டு வரவேண்டாமா?"

இதில் வேடிக்கை என்னவென்றால், மறுநாள் காலை அவனுக்கு ஊருக்கு விமானம். அந்த வாரமே சங்கரன்கோவிலில் அவனுக்குக் கல்யாணம். ஆனால் மாப்பிள்ளை போவானா மாட்டானா என்பது அந்த நிமிடம் வரை நிச்சயமில்லை. துபாய் தேராவில் அவன் செக்யூரிட்டியாக நிற்கும் வாசலுக்கு, அவனுக்குப் பதிலாக நிற்க ஆள் வந்து சேரவில்லை.

மைதானத்தில் பதில் ஆள் வந்தும் இவன் வெளியே வரமாட்டேன் என்கிறான். வேலையில் இவன் வெளியே போகத் துடிக்கிறான், பதில் ஆள் வரமாட்டேன் என்கிறான். இரண்டுக்கும் நடுவில் நான்.

நான் ஏன் அங்கே நின்றேன்

போன வாரம் கராமா வீட்டில் ஏசி கழன்று விழுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "துபாயில் உங்களுக்கு வேலைதான் என்னம்மா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் யாருக்கு எங்கே எப்போது டியூட்டி என்று போடுகிறவள் நான். தூத்துக்குடியிலிருந்து லேடி கார்டாக வந்து, வருடக்கணக்கில் வாசல்களில் நின்று, கடைசியில் ஆபீஸுக்குள் ஒரு நாற்காலி கிடைத்தது. நாற்காலி கிடைத்த நாளிலிருந்து நிம்மதி போனது. லீவு கேட்கிறவன் எனக்குத்தான் போன் செய்வான். லீவு கிடைக்காதவனும் எனக்குத்தான் போன் செய்வான். ஆள் வரவில்லை என்று கிளையண்ட் கத்தினால் அதுவும் என் காதில்தான் விழும்.

எங்கள் மேனேஜர் டேவ் ஓர் அமெரிக்கர். ஆறடிக்கு மேல் உயரம், இரண்டு முட்டியும் போய்விட்டது. இளவயதில் கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிப் போன முட்டி. நாம் ஃபுட்பால் என்று சொல்வது அவருக்கு ஃபுட்பாலே அல்ல. அவருடைய ஃபுட்பால் முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். இதைப் பற்றி அவரிடம் கேட்டால் அரைமணி நேரம் போய்விடும்.

ஒரு குளிர்காலத்தில் அவருக்கு யோசனை வந்துவிட்டது. அமெரிக்கப் பள்ளிக்கூட வாத்தியார்கள் ஓர் அணி வைத்திருக்கிறார்கள், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர்கள் ஓர் அணி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இத்தனை பையன்கள் இருக்கிறார்கள், அத்தனை பேரும் ஊரில் கபடி ஆடியவர்கள், நாம் ஏன் வைக்கக் கூடாது? ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட ஹெல்மெட்களையும் கவசங்களையும் வாங்கி வந்துவிட்டார். ஆபீஸ் முழுக்கப் பழைய வியர்வை நாற்றம் அடித்தது.

"ஜெசி, ஆள் மாற்றுவது உன் பொறுப்பு" என்றார் என்னிடம்.

"எனக்கு இந்த ஆட்டமே தெரியாது சார்."

"யார் எப்போது உள்ளே போகணும், யார் எப்போது வெளியே வரணும், அவ்வளவுதான். தினமும் அதைத்தானே செய்கிறாய்?"

அப்படித்தான் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போகவேண்டிய சனிக்கிழமைச் சாயங்காலங்களில், நான் பாலைவன ஓரத்துச் செயற்கைப் புல்லில் விசிலோடு நின்றேன்.

கோபப்படாமல் விதியைச் சொல்கிறேன்

இந்த ஆட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விதி, கல்லூரிக்கு ஒரு விதி, சம்பளம் வாங்கி ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஒரு விதி என்று தனித்தனியாக இருக்கிறதாம். டேவுக்குத் தொழில்முறை விதிதான் வேண்டும். மற்ற அணிகளும் சரி என்றுவிட்டன. பார்க்க ஆள் இல்லை, டிக்கெட் இல்லை, வேலியோரம் ஒரு தண்ணீர் லாரி நிற்கிறது. ஆனால் விதி மட்டும் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுடைய விதி.

பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்தைத் தரையில் வைத்துவிட்டு ஒருவன் அதன்மேல் குனிந்து நிற்பான். சட்டென்று தன் கால்களுக்கு நடுவே பின்னால் நிற்பவனிடம் கொடுப்பான். அதுதான் ஸ்நாப். வாங்கிக்கொள்பவன் குவார்ட்டர்பேக், அணியின் மூளை. அவன் எறிவான், அல்லது இன்னொருவனிடம் கொடுத்து ஓடச் சொல்வான். விழுந்தால் ஆட்டம் நிற்கும். மறுபடி தரையில் பந்து, மறுபடி ஸ்நாப்.

இரண்டு ஸ்நாப்புக்கு நடுவில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே போனவன் திரும்ப வரலாம். எதிரி ஓடி வருவான் என்று தோன்றினால் இசக்கி மாதிரி கனமானவர்களை நிறுத்தவேண்டும். எறிவான் என்று தோன்றினால் பஷீர் மாதிரி வேகமானவர்களை அனுப்பவேண்டும். ஒரே நிபந்தனை, ஸ்நாப் ஆகும் நொடியில் உள்ளே பதினோரு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே போகிறவனின் ஒரு கால் கோட்டுக்குள் இருந்தாலும் அவனும் கணக்கில் சேர்த்தி.

டேவ் கொடுத்த விதிப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. தாக்குகிற அணி ஆளை மாற்றினால், தடுக்கிற அணிக்கும் மாற்ற அவகாசம் தரவேண்டும். அதற்காக நடுவர் ஒருவர் போய்ப் பந்தின் மேலேயே நின்றுகொள்வார். அவர் நகரும்வரை யாரும் பந்தைத் தொட முடியாது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் வேலையில் அப்படி ஒருவர் வந்து நின்றதே கிடையாது.

ஆனால் தாக்குகிறவன் ஆளை மாற்றாமல் இருந்தால் நடுவர் நிற்கமாட்டார். தடுக்கிறவர்கள் அப்போது ஆளை மாற்றினால் அது அவர்கள் பாடு. கெட்டிக்கார குவார்ட்டர்பேக் இதற்காகத்தான் காத்திருப்பான். எதிரணியில் ஒருவன் வெளியே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவசர அவசரமாக ஸ்நாப் வாங்கிவிடுவான். உள்ளே பன்னிரண்டு பேர். மஞ்சள் துணி. ஐந்து கஜம் அபராதம்.

அபராதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். துணி விழுந்த பிறகும் ஆட்டம் நிற்பதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். குவார்ட்டர்பேக் கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு தூரமும் எறிந்து பார்க்கலாம். அவன் ஆள் பிடித்தால் லாபம். நம் ஆள் பிடித்தாலும் அவனுக்குக் கவலையில்லை, அபராதத்தை எடுத்துக்கொண்டு பந்தை மறுபடி வாங்கிக்கொள்வான். முழுக்க முழுக்க ஓசி ஆட்டம்.

வாத்தியார்கள் அணியின் குவார்ட்டர்பேக் ஒரு மீசைக்கார பி.டி. மாஸ்டர். எங்கள் ஆட்களைப் பார்த்த முதல் நாளே அந்த மனுஷனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரிய நாளாயிற்று.

ரிலீவர்

செக்யூரிட்டி வேலையில் நிற்கிற இடத்துக்குப் பெயர் பாயிண்ட். நமக்குப் பதிலாக வருகிறவர் ரிலீவர். ரிலீவர் வந்து, கையைக் கொடுத்து, சாவி எங்கே, எந்த விளக்கு எரியவில்லை, யார் சந்தேகப்படும்படி நடமாடுகிறார் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளவேண்டும். போகிறவர் "ஹேண்டிங் ஓவர்" என்று சொல்லவேண்டும். வருகிறவர் "டேக்கிங் ஓவர்" என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் காலை எடுக்கலாம்.

புது ஆட்களுக்கு இந்த வகுப்பை எடுக்கிறவள் சாட்சாத் நான்தான். "ரிலீவர் வராம பாயிண்ட்ட விடாதீங்க. உயிரே போனாலும் விடாதீங்க" என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். ஒரு வாசல் காலியாகக் கிடந்தால் கிளையண்ட் எங்களைக் கிழித்துவிடுவார். இரண்டு பேர் நின்றால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சும்மா சொல்லவில்லை, நானும் நின்றவள்தான். முதல் வருடம் ஒரு மாலில், பெண்கள் உடை மாற்றும் அறைகளுக்கு முன்னால் எனக்கு பாயிண்ட். ஒருநாள் ரிலீவர் வந்த பஸ் ஷார்ஜா டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. எனக்கோ பாத்ரூம் போகவேண்டும். பாத்ரூம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, போக முடியாது. பக்கத்துக் கடையில் ஊத் என்கிற அகில்கட்டைப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் யாராவது ஊத் பூசிக்கொண்டு லிஃப்டில் ஏறினால் எனக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். ரிலீவர் வந்ததும் அந்தப் பிலிப்பினோப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே ஹேண்டிங் ஓவர் சொல்லிவிட்டுத்தான் ஓடினேன்.

இப்படி எலும்பில் ஏற்றிய பழக்கத்தை மைதானத்தில் இறக்கி வை என்றால் எப்படி இறக்குவது? நானும் எல்லாம் செய்து பார்த்தேன். "விசில் அடிச்சதும் ஓடி வந்துரணும், யாரையும் பாக்கக் கூடாது" என்று பயிற்சி கொடுத்தேன். ஓடி வருவார்கள். பாதி வழியில் உள்ளே போகிறவனைக் கண்டதும் வேகம் குறையும். கை தானாக நீளும்.

"அந்த எண்பத்தெட்டாம் நம்பரைக் கவனிச்சிக்க. அங்கயும் இங்கயும் நடமாடுதான், பார்வையே சரியில்ல" என்று இசக்கி பஷீரிடம் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே காதால் கேட்டிருக்கிறேன். அந்த எண்பத்தெட்டாம் நம்பர் அதற்குள் பந்தைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டிருந்தான்.

தாடிக்காரருக்கு ஆதரவு

படம் காட்டினால் திருந்துவார்கள் என்று டேவ் நினைத்தார். அல்கூஸில் பையன்கள் தங்கியிருக்கும் கேம்ப் மெஸ்ஸில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தொழில்முறை ஆட்டங்களின் பதிவுகளைச் சுவரில் போட்டுக் காட்டினார். மெஸ்ஸில் கருவாட்டுக் குழம்பு வாசனை இன்னும் போகவில்லை. கீழே உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, பையன்கள் பார்த்தார்கள்.

ஓர் ஆட்டத்தில் தாடிக்காரர் ஒருவர், மலை மாதிரி ஆள், மூச்சு வாங்க வெளியே ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் கோடு. குவார்ட்டர்பேக் அவரைப் பார்த்தான், ஸ்நாப் வாங்கினான், மஞ்சள் துணி விழுந்தது. டேவ் படத்தை நிறுத்தினார்.

"இவர் என்ன தப்புச் செய்தார்?"

பஷீர் எழுந்தான். அதிராம்பட்டினத்துக்காரன், எதிலும் நியாயம் பேசுவான்.

"அவரு லேட்டா வந்தது தப்பில்லக்கா. பதில் ஆளு வந்து கையக் குடுத்தாரா? ஒண்ணுமே சொல்லாம அவம்பாட்டுக்கு உள்ள ஓடிட்டான். இவரு பாவம், பாயிண்ட்ட விட்டுட்டு ஓடி வர்றாரு. ஓடுனதுதான் தப்பு."

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் டேவ் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வேலைக்கான இந்தியை மட்டும் அவர் கற்று வைத்திருந்தார்.

"ஜல்தி! ஜல்தி பாஹர் ஆவோ! பஸ், இத்னா ஹீ!" என்று, சீக்கிரம் வெளியே வந்தால் போதுமென, கெஞ்சினார்.

"சார், ரிலீவர் லேட் சார்" என்றான் இசக்கி, சுவரில் உறைந்து நின்ற தாடிக்காரருக்காகப் பரிந்து.

தை மாத முகூர்த்தம்

இசக்கிக்கு ஏற்கெனவே ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பத்திரிகைகூட அடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்குப் புது கான்ட்ராக்ட் வந்து, எல்லா லீவையும் நிறுத்திவிட்டார்கள். முகூர்த்தம் தைக்குத் தள்ளிப்போனது. பெண் வீட்டில் ஒருவாறு பொறுத்துக்கொண்டார்கள்.

இந்த முறை மணப்பெண்ணே எனக்குப் போன் செய்தாள். பெயர் செல்வி. சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடையில் வேலை. என் நம்பரை இசக்கியிடம் பிடுங்கியிருக்கிறாள்.

"அக்கா, அவங்கள அனுப்புவீங்களா, மாட்டீங்களா? ஒண்ணு சொல்லிருங்க."

"ரிலீவர் வந்ததும் அனுப்பிருவேம்மா."

"அந்த ரிலீவரு எங்க இருக்காரு? நானே பேசுதேன் அவர்ட்ட. ரெண்டாவது தடவையும் நின்னுபோச்சுன்னா எங்கப்பா வேற எடம் பாத்துருவாங்கக்கா. கடையில எல்லாரும் எங்கிட்ட மாப்பிள்ள நெசமாவே இருக்காரான்னு கேக்காவ."

எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு என்னவோ சமாதானம் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த கையோடு ரிலீவரைத் தேடினேன்.

அவர் எங்கள் கம்பெனியின் தோஹா கிளையில் இருந்தார், நஜ்மாவில் ரூம். கும்பகோணத்துக்காரர். பெட்டி கட்டி வைத்து வாரக்கணக்காகிறதாம். "நான் எப்பவோ ரெடிங்க மேடம். என் ரிலீவர் மஸ்கட்லேர்ந்து வரணும். அவரு வந்தாத்தான் என்னை விடுவாங்க" என்றார். மஸ்கட்டுக்குப் போட்டேன். அங்கே இருந்தவர் தன் ரிலீவர் கொச்சியில் விசாவுக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். வளைகுடா முழுக்க ஆளுக்கு ஒரு வாசலில் நின்றுகொண்டு அடுத்தவன் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஆபீஸில் விசா பார்க்கிறவரிடம் போனேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "ப்ராசஸ் மே ஹை, மேடம்" என்றார். ஒவ்வொரு நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் ப்ராசஸில் இருந்தது. அந்த டீக் கப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசலாமா என்றுகூடத் தோன்றியது.

இசக்கி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தன் காசில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். பெட்டி கட்டியிருந்தான். "ரிலீவர் வரலன்னா எப்பிடிக்கா போக?" என்று அவனே எனக்குச் சமாதானம் சொன்னான்.

சரி, கல்யாண மாப்பிள்ளை அந்தச் சனிக்கிழமையாவது ரூமில் இருக்கலாம் அல்லவா? மணமேடையில் முன்பல் இல்லாமல் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? கேட்டேன். "பேரு குடுத்தாச்சு, டியூட்டி மாதிரிதானக்கா" என்று வந்துவிட்டான்.

காலியா கெடக்கட்டும்

மறுபடியும் அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். மஞ்சள் துணி விழுந்து, எதிரணி பாதி மைதானம் முன்னேறி, இசக்கி என் முன்னால் வந்து நிற்கிற இடம்.

நம்பமுடியாத விஷயம், அந்த அணி தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக நாங்கள் முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். வாத்தியார்கள் ஒருமுறை எங்கள் எல்லையைத் தொட்டுவிட்டால் அவர்களுக்கு வெற்றி. டேவ் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏம்லே அங்கயே நிக்க?" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அவன்தான் உள்ள வந்துட்டான்லா!"

"நான் பாட்டுக்கு வந்துட்டேன்னா அந்த எடம் காலியா கெடக்குமேக்கா. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"காலியா கெடக்கட்டும்! பத்துப் பேரு நின்னா இங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டான். பன்னெண்டு பேரு நின்னாத்தான் தப்பு. உனக்கு எத்தன தடவ சொல்ல? நீ போனா ஒலகம் ஒண்ணும் இடிஞ்சி விழாது!"

அவன் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு வந்தது. வேறு எதையோ நினைத்துச் சிரித்த சிரிப்பு.

"இங்க சரிக்கா. அங்க?"

எனக்கு வந்த கோபம் அவன்மேல் இல்லை. டீ உறிஞ்சுகிறவர்மேல், மஸ்கட்மேல், கொச்சிமேல், மேஜையைத் தட்டித் தட்டி நான் எடுத்த வகுப்புகள்மேல். ஒருவரும் வந்து இவனுக்காகப் பந்தின்மேல் நிற்கப்போவதில்லை.

"அங்கயும் நான் பாத்துக்கிடுதேன். நாளைக்கு உன் பாயிண்ட்ல நான் நிக்கேன். நீ கெளம்பு."

"நீங்களா?"

"ஏன், எங்கிட்ட லைசென்ஸ் இல்லையா? வருஷா வருஷம் புதுப்பிச்சிட்டுத்தான் இருக்கேன். போ, உள்ள போ. விசில் அடிச்சா மட்டும் திரும்பிப் பாக்காம வந்துரணும்."

போனான். பஷீர் வெளியே வந்தான். இசக்கி ஓர் ஓட்டத்தை நெஞ்சால் முட்டி நிறுத்தினான். மீசைக்காரர் தன் ஆட்களில் யாரையும் மாற்றாமல் வரிசைக்கு வந்தார். அடுத்தது எறிவார் என்று டேவ் கையைக் காட்டினார். நான் விசில் அடித்தேன். பஷீர் உள்ளே ஓடினான்.

மீசைக்காரர் பஷீரைப் பார்த்துவிட்டார். அவர் முகம் மலர்ந்தது. அந்தக் கைகுலுக்கலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கம் ஒழுங்காகத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்நாப் கேட்டார்.

அதற்குள் இசக்கி வெளியே வந்திருந்தான். ஓடி வந்தான் என்று சொல்லக்கூடாது, பஸ்ஸை விட்டவன் மாதிரி பாய்ந்து வந்தான். பஷீர் பழக்கதோஷத்தில் நீட்டிய கையை அவன் கவனிக்கவேயில்லை. கோட்டைத் தாண்டி, என்னைத் தாண்டி, தண்ணீர் கேன்களில் மோதித்தான் நின்றான்.

பன்னிரண்டு பேர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஓசி ஆட்டம்தானே என்று, மீசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு எறிந்தார். நீட்டிய கையோடு திகைத்துப்போன பஷீர், வேறு வழியில்லாமல் தன் இடத்துக்குப் பின்னோக்கி ஓடினான். பந்து நேராக அவன் நெஞ்சுக்கு வந்தது. கட்டிப் பிடித்தான். பிடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பன்னிரண்டு! பன்னிரண்டு!" என்று மீசைக்காரர் நடுவரிடம் கத்தினார். நடுவர் விரலை நீட்டி எங்கள் ஆட்களை ஒவ்வொருவராக எண்ணினார். மஞ்சள் துணி அவர் இடுப்பிலேயே இருந்தது. அபராதம் இல்லை, பந்து எங்களுக்கு.

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் ஜெயித்த ஒரே ஆட்டம் அது.

டேவ் என்னைத் தூக்கிச் சுற்றாத குறைதான். அந்தச் சந்தோஷத்திலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். சிரிப்பு நின்றது. "நீ ஆபீஸ் ஆள், ஜெசி. அது முறையில்லை" என்றார்.

"ஆவணியில் கம்பெனிதான் சார் லீவை நிறுத்தி ஆட்டத்தை மாற்றியது. அப்படி மாற்றினால் எதிர்ப்பக்கத்துக்கு அவகாசம் கொடுக்கணும். உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. ரிலீவர் வரும்வரை பந்தின்மேல் நான் நிற்கிறேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "யல்லா, போ" என்றார்.

மூன்றாம் ஷட்டர்

மறுநாள் காலை பழைய யூனிஃபாரத்தை எடுத்துப் போட்டேன். இடுப்பில் பட்டன் போட மூச்சைப் பிடிக்கவேண்டியிருந்தது. தேராவில் ஒரு பழைய வணிக வளாகத்தின் பின்பக்கம், சரக்கு இறங்கும் வாசல். ஏலக்காய் மூட்டைகள், டீசல் புகை, க்ரீக் என்கிற உப்பங்கழிப் பக்கமிருந்து வருகிற ஈரக்காற்று. லாரிக்காரர்கள் என்னைப் பார்த்து, இசக்கி எங்கே என்று கேட்டார்கள். கல்யாணத்துக்குப் போயிருக்கிறான் என்றதும் கை தட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குள் கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

செல்விக்கு, "கெளம்பிட்டான்" என்று மெசேஜ் போட்டிருந்தேன். பதிலுக்கு என்னென்னவோ பொம்மைகள் வந்தன. அழுகிறதா சிரிக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தும் தெரியவில்லை.

சற்று நேரத்தில் இசக்கியிடமிருந்து போன். பின்னால் விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம்.

"என்னலே, இன்னும் ஏறலையா?"

"எல்லாரும் ஏறுதாவக்கா. நான் இங்கதான் ஓரமா நிக்கேன். மனசு கேக்கல."

"ஏன்? என்ன ஆச்சு?"

"ஹேண்டிங் ஓவர் பண்ணாம வந்துட்டேம்லா."

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் தொடர்ந்தான்.

"வலதுபக்க லைட்டு விட்டு விட்டு எரியும், பயப்படாதீங்க. மத்தியானம் ஒரு பச்சக் கலரு வேன் வரும், அவன் பேப்பர் காட்டாம உள்ள போகப் பாப்பான், விடாதீங்க. மூணாம் ஷட்டரு முழுசா மூடாது. அடியில ஒரு மிதி மிதிக்கணும். பெறகு, ஒரு சாம்பப் பூனை வரும். அதுக்கு சாப்பாட்டுல கொஞ்சம் வைங்க. அவ்வளவுதான். பாயிண்ட் கிளியர்க்கா."

"இசக்கி, பிளேன் போயிரும்லே! ஏறித் தொலை!"

"ஹேண்டிங் ஓவர்" என்றான். பின்னால் யாரோ ஒரு பெண் அவன் பெயரை ஒலிபெருக்கியில் தப்புத் தப்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் நகரவில்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லாமல் அவன் நகரமாட்டான்.

காலியான சரக்கு வாசலில், கையில் போனோடு, நேராக நிமிர்ந்து நின்றேன்.

"டேக்கிங் ஓவர்" என்றேன்.

"வாரேங்க்கா" என்றான். ஓடுகிற சத்தம் கேட்டது. போன் கட் ஆனது.

நான் மூன்றாம் ஷட்டருக்குப் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னபடியே அடியில் ஒரு சாண் திறந்து கிடந்தது. இத்தனை நாள் கோபத்தையும் சேர்த்து ஒரு மிதி மிதித்தேன். மூடிக்கொண்டது.